மூன்றாவது ஆள்: ஹோல்பைனின் சாவுப் படங்களுக்கு ஓர் உரை

மும்பை மாதுங்காவின் நேரான தெருக்களில் தினமும் நடக்கும் தமிழர்களில் பலருக்கு, அந்தத் தெருக்கள் உருவாக பிளேக் என்ற கொள்ளைநோய் காரணமாக இருந்தது தெரியாது. 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் அந்த நோயை அடையாளம் கண்டு சொன்னார். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். நெரிசலைக் குறைத்து ஊரை வடக்கே விரிக்க 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாதுங்கா மனைத்திட்டங்கள் அது போட்டவை. தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே வந்து குடியேறியது அதற்குப் பிறகு.

அதே நோய்தான் 1347 முதல் சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது. விட்டு விட்டு மறுபடி மறுபடி வந்ததால் அச்சமும் ஆறவில்லை. அந்த அச்சம் சுவர்களில் ஏறி ஓவியமானது. பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்து மதிலில் 1424-25-இலும், பாசல் நகரில் தொமினிக்கன் துறவியரின் மதிலில் 1440 வாக்கிலும் அதைத் தீட்டினார்கள். ஒரு பிணம், ஒரு மனிதர், மறுபடி ஒரு பிணம், ஒரு மனிதர் என்று கைகோத்த வரிசை. முன்னால் போப்பாண்டவர், பேரரசர். கடைசியில் உழவனும் குழந்தையும். இதற்குச் சாவு நடனம் என்று பெயர் வந்தது. 1485-இல் கியூயோ மார்ஷான் என்ற அச்சுக்காரர் பாரிஸ் மதிலின் படங்களை மரக்கட்டையில் செதுக்கிப் புத்தகமாக்கினார். மதிலுக்கு முன் போய் நின்று பார்த்ததை இனி வீட்டுக்கே வாங்கிப் போகலாம் என்றானது.

பாசல் மதிலைப் பார்த்துப் பழகியவர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன். ஏறத்தாழ 1523-க்கும் 1526-க்கும் இடையில் அவர் சாவைப் பற்றி ஒரு படத்தொடர் வரைந்தார். கட்டையில் செதுக்கியவர் ஹான்ஸ் லூட்ஸல்பர்கர். வேலை முடியுமுன்பே, 1526-இல், செதுக்கியவர் இறந்துபோனார். கட்டைகள் பிரான்சின் லியோன் நகரத்து டிரெக்ஸல் சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தன. 1538-இல் 41 படங்களுடன் புத்தகம் வந்தது. வரைந்தவர் பெயரும் இல்லை, செதுக்கியவர் பெயரும் இல்லை. சீமாட்டி ஒருத்தியின் கட்டில் சட்டத்தில் மட்டும் லூட்ஸல்பர்கரின் இரண்டு முதலெழுத்துகள் ஒளிந்திருக்கின்றன.

ஒவ்வொரு படமும் ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. கோட்டை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். ஒரு விரலின் நிழலுக்கு நாலைந்து கோடு என்றால், அந்த நாலைந்து கோட்டுக்கு நடுவே இருக்கும் மரம் முழுவதும் கத்தி முனையால் வெளியே வந்தாக வேண்டும். கத்தி ஒருமுறை வழுக்கினால் கோடு போனது போனதுதான். திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களின் கறுப்புக்கோட்டுப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை அச்சு புதிதல்ல. ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு முகபாவத்தைக் கொண்டுவந்த செதுக்குக் கை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்லும் ஒரு விளக்கம் உண்டு: சாவுக்கு முன் எல்லாரும் சமம். மதில் ஓவியங்களுக்கு அது பொருந்தும். ஹோல்பைனுக்குப் போதாது. அவர் வரிசையைக் கலைத்துவிட்டார், ஆட்டத்தையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்யும் இடத்தில் வைத்து வரைந்தார். அங்கே சாவு வருகிறது, வந்ததும் ஏதோ ஒரு வேலையில் இறங்குகிறது. பல படங்களில் மூன்றாவதாக ஓர் ஆளும் நிற்கிறார், பெரும்பாலும் ஏழை. எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர் அவரைத் தவறவிடுவார். அந்த மூன்றாவது ஆளைத் தேடிப் போவதே இந்த உரை. ஆலைகளாலும் தொழிலாளர் குடியிருப்புகளாலும் வளர்ந்த விக்ரோலியில் வாழ்கிற எனக்கு, தொழில் தொழிலாகப் பிரித்து வரைந்த இந்தப் புத்தகம் தொலைதூரத்து விஷயமாகப் படவில்லை.

ஆதாம் மண்ணைக் கிளறுவது

படைப்பு, விலக்கப்பட்ட கனி, தோட்டத்தைவிட்டு வெளியேற்றம் என்று முதல் மூன்று படங்கள். சாவு முதன்முதலாகத் தலைகாட்டுவது மூன்றாவதில்; துரத்தப்பட்ட இருவருக்கும் முன்னால் கருவி மீட்டிக்கொண்டு போகிறது. நான்காவது படத்தில் ஆதாம் குனிந்து நிலத்தைத் திருத்துகிறான். அவன் பக்கத்திலேயே சாவும் குனிந்து அதே வேலையைச் செய்கிறது. பின்னால் ஏவாள் நூல் நூற்கும் கோலை வைத்துக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள்.

இந்தப் படத்தில் சாவு யாரையும் பிடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உழைப்பு தொடங்கிய அன்றே அது கூலியாளாகச் சேர்ந்துவிட்டது. பின்னால் வரும் உழவன் படத்துக்கு வித்து இங்கே இருக்கிறது. அடுத்த படத்தில் எலும்புக்கூடுகள் கூட்டமாக நின்று எக்காளம் ஊதி முரசு கொட்டுகின்றன. அது அறிவிப்பு, அதற்குமேல் அங்கே தேட ஒன்றுமில்லை.

போப்பாண்டவர், பேரரசர், அரசர்

போப்பாண்டவர் பேரரசர் ஒருவருக்கு முடிசூட்டுகிறார். முடி ஏற்பவர் குனிந்து அவர் பாதத்தை முத்தமிடுகிறார். சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே சாவு. இன்னொரு சாவு கர்தினால் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறது. குட்டிப் பேய்களும் உண்டு. போப்பாண்டவருக்கு எதிராக லூத்தர் கிளப்பிய புயல் பாசலை எட்டியிருந்த ஆண்டுகள் அவை. அந்தக் கோபம் இந்தப் படத்தில் நேராகவே தெரிகிறது. கர்தினால் படத்தில் பாவமன்னிப்புப் பத்திரம் கைமாறுவதும் அதே கோபம்தான்.

பேரரசர் படம் வேறு மாதிரி. நீதி கேட்டு வந்த ஏழை மண்டியிட்டிருக்கிறான். பேரரசர் அவன் பக்கம் பேசி, எதிரே நிற்கும் பெரிய மனிதரைக் கடிந்துகொள்கிறார். அந்த நொடியில் சாவு அவர் தலைக்கு மேல் கை வைக்கிறது. பெரிய பதவிக்காரர்களில் ஏழையின் பக்கம் திரும்பிய நிலையில் சாவைச் சந்திக்கிறவர் இவர். நல்ல காரியம் செய்யும்போதும் அது வரும். ஆனால் பார்க்கிற நமக்கு அவர்மீது மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஹோல்பைன் எதை நிறுத்துப் பார்க்கிறார் என்பதற்கு இது முதல் தடயம்.

அரசர் விருந்துண்கிறார். பரிமாறுகிறவர்களுக்கு நடுவே சாவும் ஒரு பணியாளாக நின்று அவர் கிண்ணத்தில் மது ஊற்றுகிறது. இங்கே ஒரு விசேடம். நம் காலன் எருமைமேல் பாசக்கயிற்றோடு வருகிறவன். அவனும் ஓர் அரசன். அவனுக்குச் சித்திரகுப்தன் என்ற கணக்கர் உண்டு, தூதர்கள் உண்டு. திருக்கடையூரில் மார்க்கண்டேயருக்காகச் சிவனிடம் உதைபட்டபோதும் அவன் கடமையைச் செய்ய வந்த அதிகாரியாகத்தான் உதைபட்டான். ஹோல்பைனின் சாவுக்கு ஏடு கிடையாது, வாகனம் கிடையாது, மேலதிகாரியும் கண்ணில் படுவதில்லை. அது வேலைக்காரர்களின் பக்கத்திலிருந்து எழுந்து வருகிறது. குவளை ஏந்துகிறது, விளக்குப் பிடிக்கிறது, மாடு ஓட்டுவதுபோல் குதிரை ஓட்டுகிறது. கையில் இருப்பதெல்லாம் ஒரு மணற்கடிகை. அதையும் பல படங்களில் எங்கோ ஓர் ஓரத்தில் வைத்துவிட்டுக் கைவேலையில் இறங்கிவிடுகிறது.

நீதிபதி, வழக்கறிஞர், நகரசபைக்காரர்

புத்தகத்தின் இதயம் இந்த மூன்று படங்கள் என்பது என் துணிபு.

நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். பணக்காரர் பணப்பையைத் திறக்கிறார். நீதிபதியின் கை அந்தப் பக்கம் நீள்கிறது. ஏழை எதிரே நிற்கிறான். சாவு பின்னாலிருந்து நீதிபதியின் அதிகாரக்கோலைப் பிடுங்குகிறது. அவர் உடம்பைத் தொடவில்லை, முதலில் கோலைத்தான் எடுக்கிறது. விற்றுவிட்ட பதவி இனி உனக்கு எதற்கு என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்தப் பிடுங்கல்.

வழக்கறிஞர் தெருவில் நின்றபடியே கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்குகிறார். சாவு நடுவே புகுந்து மணற்கடிகையைத் தூக்கிக் காட்டுகிறது. இவர்கள் பின்னால் ஓர் ஏழை கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் வழக்கு என்ன ஆயிற்று என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. அவன் முகம் இரண்டு மூன்று கோடுகள்தான். அந்தக் கோடுகளில் காத்திருந்து களைத்த ஒரு சோர்வு இருக்கிறது. எந்த ஊர்க் கோர்ட்டு வராந்தாவிலும் அந்த முகத்தைப் பார்க்கலாம்.

மூன்றாவது, நகரசபைக்காரர். மென்மயிர் அங்கி போட்ட செல்வரோடு பேச்சில் மூழ்கியிருக்கிறார். ஓர் ஏழை அவர் தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறான். அவர் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதையும் வரைந்திருக்கிறார் ஹோல்பைன்: கழுத்தில் ஏறி உட்கார்ந்த ஒரு குட்டிப் பேய், துருத்தி வைத்து அவர் காதில் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. சாவு அவர் காலடியில், தரையில், மண்வெட்டியும் மணற்கடிகையுமாகக் கிடக்கிறது. ஏழை தொட்டும் உணராதவர் காலடியில் இருப்பதை எப்படிப் பார்ப்பார்? சாவு இங்கே அவசரப்படவே இல்லை. அவர் ஓர் அடி எடுத்து வைக்கட்டும் என்று காத்திருக்கிறது.

மூன்று படங்களிலும் சாவு வந்த காரியம் முடிந்துவிடும். ஏழை வந்த காரியம் முடியாது. படத்துக்குப் பிறகும் அவன் அங்கேதான் நின்றுகொண்டிருப்பான். பணக்காரரும் ஏழையும் இறுதியில் ஒன்றே என்று சமாதானம் சொல்லும் விளக்கவுரைகளை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இந்த மனிதன். சாவு சமன் செய்யலாம்; அவன் கேட்டு வந்தது அதையல்ல.

பங்குச் சாமியார், மருத்துவர்

இறக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவருக்குச் சாமியார் நற்கருணை எடுத்துப் போகிறார். கோயில்பிள்ளையைப் போல முன்னால் விளக்கும் மணியும் எடுத்துக்கொண்டு நடப்பது சாவு. போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கு வழிகாட்டுவதும் அதுவே. சாமியார்மீது ஹோல்பைனுக்குக் கோபம் இல்லை. அவர் தம் கடமையில் இருக்கிறார். ஆகவே சாவும் மரியாதையாக நடந்துகொள்கிறது.

மருத்துவர் படத்திலும் அப்படித்தான். சாவு ஒரு வயதான நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, சிறுநீர்க் குப்பியை மருத்துவரிடம் நீட்டுகிறது. பார்த்துச் சொல், இவரைக் காப்பாற்றுவாயா, அப்படியே உன்னையும்? கேள்வி நியாயமானது. பம்பாயில் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி தேடிய வால்டமார் ஹாஃப்கின், 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஹோல்பைன் நீட்டிய குப்பிக்கு ஒருவர் தரக்கூடிய மிக நேர்மையான பதில் அது என்று நினைக்கிறேன்.

பணக்காரரும் வணிகரும்

கம்பிபோட்ட சன்னல், பெட்டிகள், மேசைமேல் காசு. சாவு உட்கார்ந்து காசை அள்ளுகிறது. பணக்காரர் இரண்டு கையையும் தூக்கி அலறுகிறார். அவரை அது தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. வணிகர் படம் துறைமுகத்தில் நடக்கிறது: கரையில் மூட்டைகள், பின்னால் கப்பல், சரக்கு வந்து சேர்ந்த மகிழ்ச்சி முகத்தில் மாறுமுன் சாவு பிடித்துக்கொள்கிறது. மாண்ட்வியை அறிந்த மும்பைக்காரருக்கு இந்தப் படம் வேறுவிதமாகத் தெரியும். கப்பலில் சரக்கோடு வேறொன்றும் இறங்கும் என்பதை இந்த ஊர் 1896-இல் கண்டது.

சீமாட்டி, கிழவி, கிழவர்

சீமாட்டிக்குத் தோழி உடை எடுத்துக் கொடுக்கிறாள். பின்னால் நிற்கும் சாவு கழுத்தில் எலும்பு மாலை பூட்டுகிறது. கிழவி செபமாலை உருட்டிக்கொண்டு நடக்கிறாள். அவளுடன் இரண்டு சாவுகள், ஒன்று இடுப்பில் மரக்கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டு போகிறது. ஐரோப்பாவில் மரக்கட்டை இசைக்கருவிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய படங்களில் இது ஒன்று என்பார்கள். கிழவருக்கும் ஒரு தந்திக்கருவி வாசித்தபடி சாவு கைகொடுத்து அழைத்துப் போகிறது. அவர் கால் குழியின் விளிம்பில் இருக்கிறது. நம் வழக்கத்தில், தாராவியானாலும் திருநெல்வேலியானாலும், இறந்தவருக்காக உயிரோடிருப்பவர்கள் பறை அடிக்கிறார்கள். இங்கே இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களுக்காக வாசிக்கிறார்கள். பழைய நடனத்தில் மிச்சம் இருப்பது இந்த வாத்தியங்கள்தான்.

சுமைவியாபாரி, உழவன்

முதுகில் கூடை நிறையச் சரக்கு. சுமைவியாபாரியின் கையைச் சாவு இழுக்கிறது. அவன் மறுகையால் போக வேண்டிய திசையைக் காட்டுகிறான். இன்னும் ஓர் ஊர் இருக்கிறது, விற்றுவிட்டு வருகிறேன் என்கிறது அந்தக் கை. விக்ரோலி ஸ்டேஷனில் காலை நேரத்தில் தலைச்சுமையோடு லக்கேஜ் பெட்டிக்கு ஓடுகிறவர்களின் கையும் உடம்பும் இப்படித்தான் முன்னோக்கி வளைந்திருக்கும். இந்த மனிதனிடம் பேராசை எதுவும் இல்லை. சாவு அவனைப் பழிக்கவும் இல்லை. வேலை முடியவில்லை என்பதே அவன் சொல்ல வந்தது.

அடுத்தது உழவன். புத்தகத்தில் இவ்வளவு திறந்த வெளி உள்ள படங்கள் குறைவு. கந்தல் உடுத்த கிழட்டு உழவன் கலப்பையைப் பிடித்திருக்கிறான். மெலிந்த குதிரைகளைச் சாவு பக்கத்தில் ஓடி விரட்டுகிறது. உழுத சால்கள் நீளமாகப் போகின்றன. தூரத்தில் ஒரு கோயில், அதற்கும் பின்னால் சூரியன் இறங்குகிறது, கதிர்கள் வானம் முழுவதும் விரிகின்றன. அந்தக் கதிர்களும் சால்களும் ஒரே வகைக் கோடு, ஒரே கத்தி. லூட்ஸல்பர்கரின் கையை அறிய இந்த ஓர் அங்குலம் போதும்.

சாவு இவனை இழுக்கவில்லை, ஏமாற்றவில்லை, எதையும் பிடுங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாலை முடிக்க உதவுகிறது. ஆதாமுக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற அதே கூலியாள். 1524-25-இல் ஜெர்மானிய உழவர்கள் கிளர்ந்தெழுந்து ஆயிரமாயிரமாகக் கொல்லப்பட்ட காலத்தை ஒட்டி வரைந்த படம் இது. பிரபு ஒருவரின் படத்தில் சாவு உழவன் உடையில் வந்து அவருடைய குலச்சின்னக் கேடயத்தாலேயே அவரை அடிக்க ஓங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹோல்பைனின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

குழந்தை

ஓட்டையும் உடைசலுமான குடிசை. தாய் குனிந்து அடுப்பில் எதையோ காய்ச்சுகிறாள். சாவு சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிறது. குழந்தை திரும்பிப் பார்த்து மறு கையை நீட்டுகிறது. இன்னொரு குழந்தை பார்த்துக் கதறுகிறது.

இந்தப் படத்துக்குப் பாவம், தண்டனை என்று யார் விளக்கம் எழுதினாலும் அது பொய். குழந்தை என்ன செய்தது? ஹோல்பைன் அங்கே வரைந்திருப்பது கூரை. பொத்தலான கூரையையும் இடிந்த சுவரையும் அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார். 2021 ஜூலை 18 அதிகாலை, கொட்டிய மழையில், செம்பூர் பாரத் நகரில் மதில் சரிந்தது. விக்ரோலி சூர்யா நகரில் குன்றின் மண் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் வீடுகள் விழுந்தன. இரண்டு இடங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அன்று சாவு எல்லார் வீட்டுக்கும் சமமாக வரவில்லை. குன்றின் சரிவில், மதிலின் அடியில், வேறு இடம் கிடைக்காதவர்கள் கட்டிய வீடுகளுக்கு வந்தது. அந்த ஏழைத் தாயின் கூரையை இவ்வளவு துல்லியமாகச் செதுக்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

தீர்ப்புநாளும் சாவின் கேடயமும்

1538 பதிப்பு இறுதித் தீர்ப்பு நாளோடும், மண்டையோடு பொறித்த கேடயத்தோடும் முடிகிறது. தீர்ப்புநாள் படத்தில் எலும்புக்கூடு எங்கும் இல்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. கேடயத்தின் இருபுறமும் நன்றாக உடுத்திய ஓர் ஆணும் பெண்ணும் உயிரோடு நிற்கிறார்கள். இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பிச்சைக்காரர்

பிந்தைய பதிப்புகளில் சில படங்கள் கூடின: சூதாடிகள், குடிகாரர்கள், குருடர், வண்டிக்காரர். அவற்றோடு ஒரு பிச்சைக்காரரும் வந்தார்.

அவருக்கு முன் நம் மும்பையில் வாழ்ந்த ஒருவரைச் சொல்லிவிட வேண்டும். வங்கப் பஞ்சத்தின்போது, 1943-இல், மிட்னாப்பூர் மாவட்டத்து ஊர்களில் நடந்தே சென்று, செத்துக்கொண்டிருந்த மக்களை வரைந்தவர் சித்தப்பிரசாத். வரையப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் படத்தின் கீழே எழுதினார். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தபோது அதன் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து எரித்தது. பிறகு அந்தேரியில் நெடுங்காலம் வாழ்ந்து, லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார். வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றிய தொடரும் அவற்றில் ஒன்று. அதே கறுப்பு வெள்ளைச் செதுக்குக் கலைதான். ஆனால் அவர் படங்களில் பேரரசர் கிடையாது, நீதிபதி கிடையாது. ஹோல்பைன் ஓரத்தில் நிறுத்திய மூன்றாவது ஆளை அவர் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

ஹோல்பைனும் ஒரே ஒரு முறை அதைச் செய்திருக்கிறார், இந்தப் பிச்சைக்காரர் படத்தில். வாசலருகே வைக்கோலில் அரை உடம்புக்குத் துணியில்லாமல், நோயோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். அருகே யாரும் வரவில்லை. எலும்புக்கூட்டைத் தேடினால் கிடைக்காது. அரசருக்கு ஊற்றிக் கொடுத்ததும், சீமாட்டிக்கு மாலை பூட்டியதும், உழவனுக்குக் குதிரை ஓட்டியதும் இவரிடம் வரவில்லை. இவரோ தலையை உயர்த்தி அதைத்தான் கூப்பிடுகிறார்.